காவலூர் வானத்தில் எரிமீன் மழை

ஆண்டுதோறும் வரும் எரிமீன் பொழிவுகளில் ஆகச் செழிப்பானது டிசம்பர் 13, 14 தேதிகளில் உச்சத்துக்கு வருவது. மிதுன ராசிப் பக்கமிருந்து சிதறுவதுபோலத் தெரிவதால் மிதுனப் பொழிவு. செய்தித்தாள்கள் ஜெமினிட்ஸ் என்று எழுதும். நம் கணக்கில் கார்த்திகை மாதத்தின் கடைசி நாட்கள். அந்த நாட்களில் தமிழ்நாட்டு வானம் எப்படி இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். வடகிழக்குப் பருவமழை இன்னும் விடைபெற்றிருக்காது. வங்கக் கடலில் ஏதாவது ஒரு தாழ்வு மண்டலம் கரையைப் பார்த்து நின்றுகொண்டிருக்கும். ராஜஸ்தான்காரர் பாய் விரித்துப் படுத்துப் பார்க்கிற காட்சியை நாம் மேகத்தோடு பேரம் பேசித்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பேரம் பழையது. 1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பாவில் எரிமீன்கள் ஆயிரக்கணக்கில் கொட்டின. 1846இல் இரண்டாகப் பிளந்து, 1852க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல் போன பியலா வால்மீனின் தூசுதான் அப்படிக் கொட்டியது. வால்மீனின் மிச்சம் பூமியை உரசிக்கொண்டு போயிருந்தால் அது தென்வானத்தில் தெரிய வேண்டும். ஐரோப்பாவிலிருந்து பார்க்க வழியில்லை. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்து வானியலர் கிளிங்கர்ஃபூஸ் சென்னைக்குத் தந்தி அடித்தார். நுங்கம்பாக்கம் வானாய்வகத்துக்கு அப்போது பொறுப்பாளர் நார்மன் போக்சன். பியலா பூமியைத் தொட்டுவிட்டது, சென்டாரஸ் மண்டலத்தில் இன்ன விண்மீனுக்குப் பக்கத்தில் தேடிப் பாருங்கள் என்பது செய்தி. தேடலாம், மேகம் விட்டால்தானே? டிசம்பர் முதல் வாரத்தில் இரண்டே விடியற்காலைகளில் வானம் கொஞ்சம் திறந்தது. போக்சன் ஒரு வால்மீனைப் பார்த்தும்விட்டார். அதற்குள் மறுபடி மூடிக்கொண்டது. ஒரு வால்மீனின் பாதையைக் கணக்கிட மூன்று முறையாவது அதன் இடத்தைக் குறித்திருக்க வேண்டும். போக்சனுக்கு அந்த மூன்றாவது காலை கிடைக்கவில்லை. அவர் பார்த்தது பியலாவாக இருக்க முடியாது என்று பிற்காலத்தவர் முடிவு செய்தார்கள். அப்படியானால் அது எது என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. நுங்கம்பாக்கத்தின் அதே வளாகத்தில்தான் இப்போது வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. மழை வரும் என்று நமக்குச் சொல்கிறவர்கள் உட்கார்ந்திருப்பது மழை கெடுத்த வானாய்வகத்தின் இடத்தில்.

2023ஆம் ஆண்டு இந்தப் பேரத்தில் நமக்குச் சாதகமான பக்கங்கள் இரண்டு இருந்தன. அமாவாசை டிசம்பர் 12. பதினான்காம் தேதி மாலை மெல்லிய பிறை ஏழரை மணிக்கு முன்பே இறங்கிவிடும். பொழிவின் உச்சமோ இந்திய நேரப்படி நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரையை ஒட்டி. இப்படி நேரமும் நிலவும் நம் நாட்டுக்கென்றே பொருந்தி வருவது அபூர்வம். மிக்ஜாம் புயல் மாதத் தொடக்கத்திலேயே சென்னையை மூழ்கடித்துவிட்டு ஆந்திரக் கரைக்குப் போயிருந்தது. கிளம்பினேன். போக வேண்டிய இடம் பற்றிக் குழப்பம் இல்லை. காட்பாடியைத் தாண்டி ஆம்பூர், வாணியம்பாடி. அங்கிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறினால் ஜவ்வாது மலையில் காவலூர். இந்தியாவின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்று இருக்கிற ஊர். நாடறிந்த தோல் பதனிடும் பட்டணங்களும் நாடறிந்த வானாய்வகமும் ஒரே மாவட்டத்தில் இருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். பழைய வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் காவலூரும் சேர்ந்தே திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின.

காட்பாடிக்குப் பிறகு ரயில் பாலாற்றுப் பள்ளத்தாக்கோடு போகிறது. குடியாத்தம், மேல்பட்டி, பச்சகுப்பம். இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள், நடுவில் தென்னை. ஆம்பூரில் இறங்கியதும் முதலில் எதிர்கொள்வது அந்த வாடை. உப்புத் தோலும் சுண்ணாம்பும் ரசாயனமும் கலந்த வாடை. ஊர்க்காரர்களுக்கு அது இருப்பதே தெரியாது. அழைத்துப்போக வந்த நண்பர் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். மனைவிக்கும் அங்கேயே அப்பர் தைக்கிற பிரிவில் வேலை. மாலை ஷிப்டு விடுகிற நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மலையடிவாரக் கிராமங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"நட்சத்திரம் பாக்க மெட்ராஸ்லேர்ந்து வந்தீங்களா?" என்று டீக்கடை பாய் கேட்டார். நண்பர் விளக்கினார். பாய் கழுத்தை நீட்டி வெளியே வானத்தைப் பார்த்தார். மேம்பாலத்து விளக்கு, ஜவுளிக்கடை விளக்கு, பள்ளிவாசல் மினார் விளக்கு, கம்பெனிச் சுற்றுச்சுவர் நெடுக வெள்ளை எல்.இ.டி. "இங்க ஒன்னும் தெரியாது சார். கரண்டு போனாத்தான் உண்டு" என்றார். சுருக்கமாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆம்பூர்க் கடைவீதியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்குத் தெரிந்தது வியாழன் ஒன்றுதான்.

இந்த ஊர்களின் தோல் தொழிலுக்கும் அந்த மலைக்கும் உள்ள உறவு வானாய்வகத்தைவிட மூத்தது. குரோமியம் வருவதற்கு முன்பு தோல் பதனிட்டது மரப்பட்டையாலும் காயாலும். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோல் பொன்னிறமாக வரும். அதன் நிறம் மங்காமலிருக்கக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். ஈஸ்ட் இந்தியா தோல் என்று லண்டன் சந்தையில் பெயர் வாங்கிய சரக்கு இது. கடுக்காய் ஜவ்வாது மலைக் காட்டில் இன்றும் பொறுக்கப்படுகிறது. ஆவாரை அடிவாரத்துத் தரிசெல்லாம் பூத்துக் கிடக்கிறது. பட்டை உரிக்க ஆள்தான் வருவதில்லை. வேகம் கேட்ட சந்தைக்குக் குரோமியம் வசதி. வாரக்கணக்கில் நடந்த வேலை நாள் கணக்கில் முடிந்தது. கழிவு நீர் பாலாற்றுக்குப் போனது.

அதன் கதை சட்டம் படிக்கிற ஒவ்வொரு மாணவருக்கும் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி குல்தீப் சிங். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், கெடுதல் வருமென்ற ஐயம் இருந்தாலே முன்கூட்டித் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி ஆனது இந்தப் பாலாற்றங்கரையின் புண்ணியத்தில். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனாலும் 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றி மறுபடி ஒரு நீண்ட தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. எல்லோருக்கும் பொதுவான ஒன்றைக் கெடுப்பது எவ்வளவு சுலபம், மீட்பது எவ்வளவு நாள் பிடிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வானத்து இருட்டும் அப்படிப் பொதுவான ஒன்றுதான். அதற்கு வழக்குப் போட மன்றம் எதுவும் இல்லை, அவ்வளவே.

பிரியாணியை விட்டுவிட்டு ஆம்பூரைப் பற்றி எழுதினால் நண்பர் கோபித்துக்கொள்வார். சீரகச் சம்பா, விறகடுப்பு, பக்கத்தில் கத்திரிக்காய்த் தொக்கு. இரவு விழித்திருக்கப் போகிறவர் அரை வயிறு சாப்பிடுவது நல்லது என்பது மட்டும் என் யோசனை. யாரும் கேட்கவில்லை.

வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு விலகி ஆலங்காயம் சாலையில் திரும்பியதுமே இருட்டு கெட்டியாகத் தொடங்கியது. ஆலங்காயம் கடைத்தெருவைத் தாண்டினால் மலைப்பாதை. காரில் நண்பரின் மகளும் இருந்தாள். பிளஸ் டூ படிக்கிறவள், பள்ளி நோட்டு ஒன்றை மடியில் வைத்திருந்தாள். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கித் திரும்பிப் பார்த்தோம். கீழே பள்ளத்தாக்கு நெடுக ஒரு வெளிச்சப் பட்டை. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் தொழிற்சாலைகளும் சேர்ந்து வரைந்த கோடு. அழகாகத்தான் இருந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே, அடிவானத்திலிருந்து கையை நீட்டினால் இரண்டு சாண் உயரத்துக்கு, வானம் கருப்பாக இல்லாமல் சாம்பல் கலந்த ஆரஞ்சில் இருந்தது. அந்த இரண்டு சாணுக்குள் விண்மீன் எதுவும் இல்லை.

காவலூரை வானியலர் வேணு பாப்பு தேடிக் கண்டுபிடித்தது இந்த வெளிச்சத்திலிருந்து தப்பிக்கத்தான். 1927இல் பிறந்தவர். ஹார்வர்டில் மாணவராக இருந்த 1949ஆம் ஆண்டிலேயே புகைப்படத் தட்டில் ஒரு புது வால்மீனைக் கண்டார். பாப்பு-போக்-நியூகிர்க் என்று அவர் பெயரையும் சேர்த்து அழைக்கப்படும் வால்மீன் அது. 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்துக்குத் தலைமை ஏற்றார். கொடைக்கானல் சூரியனைப் பார்க்கச் சிறந்த இடம்; இரவு வானத்துக்கு மேகமும் மூடுபனியும் அதிகம். நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறோமோ அவ்வளவு தென்வானம் கிடைக்கும். இரண்டு பருவமழைக்கும் நேர் வழியில் இருக்கக் கூடாது. ஊர் வெளிச்சம் எட்டக் கூடாது. இந்த நிபந்தனைகளோடு தேடியவருக்குக் கிடைத்தது, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே இந்த மேட்டு நிலம். 1968இல் கொடைக்கானலில் செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972இல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது.

வந்த கையோடு அது ஒரு வேலை செய்தது. 1972 ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோள் கானிமீட் ஒரு மங்கலான விண்மீனை மறைத்தது. இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் காவலூரிலும் பார்த்த பதிவுகளிலிருந்து அந்தத் துணைக்கோளுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்ற முதல் தடயம் கிடைத்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனசின் வளையங்களை உலகம் தற்செயலாகக் கண்டுபிடித்த இரவிலும் காவலூர் கண் திறந்திருந்தது. இவற்றையெல்லாம்விடப் பெரிய கனவு 2.34 மீட்டர் விட்டமுள்ள, நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய தொலைநோக்கி. பாப்பு அதைப் பார்க்கவில்லை. 1982 ஆகஸ்டில் ம்யூனிக்கில் இறந்துபோனார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்து, பாப்புவின் பெயரைச் சூட்டினார். இரண்டு ஆண்டுகள் கழித்து இங்கிருந்த ஷ்மிட் தொலைநோக்கியில் இரா. ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். கும்பகோணத்துக்காரர் பெயரில் ஆலங்காயத்துக்கு மேலே கண்டெடுத்த ஒரு கல், சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எரிமீன் பார்க்க இந்தத் தொலைநோக்கி எதுவும் உதவாது. தொலைநோக்கி காட்டுவது வானத்தின் ஒரு நெல்மணி அளவு. எரிமீன் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. வேண்டியது இரண்டு கண்ணும் இருட்டும் பொறுமையும். இரவில் வானாய்வக வளாகத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது, நுழையவும் கூடாது. ஒரு கார் விளக்கு போதும், மணிக்கணக்கில் ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கும் பதிவைக் கெடுக்க. காட்டுக்குள் தங்கவும் அனுமதி கிடையாது. நண்பருக்குத் தெரிந்த ஒரு வீடு பக்கத்துக் கிராமத்தில் இருந்தது. மலையாளிப் பழங்குடியினரின் ஊர். பெயர் அப்படி இருந்தாலும் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் மலையேறி வந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். சாமை அடித்த களம் காலியாக இருந்தது. அங்கே படுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஒன்பது மணிக்கு மேகம். பத்துக்கும் மேகம். கிழக்கே மட்டும் ஒரு கிழிசல், அதில் இரண்டு விண்மீன். வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "காத்து மாறும் தம்பி, பொறுங்க" என்றார். பத்தரைக்கு மேல் வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று அடித்தது. மேகம் தெற்கே நகர்ந்து பாதி வானம் கிடைத்தது, பதினொன்றரைக்கு முக்கால்வாசி. ஒரேயடியாக வானம் திறந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். விடியும்வரை ஏதாவது ஒரு மூலையில் மேகம் இருந்துகொண்டுதான் இருந்தது.

திறந்த பகுதியில் தெரிந்தது நகரத்துப் பிள்ளைகள் பார்க்காத வானம். கார்த்திகைக் கூட்டம் உச்சி தாண்டி மேற்கே சாய்ந்திருந்தது. மிருகசீரிடமும் திருவாதிரையும் தலைக்கு மேலே. தெற்கே அகத்தியர் என்று நம் பஞ்சாங்கக்காரர்கள் சொல்லும் விண்மீன், மலை விளிம்புக்கு மேலே ஆடாமல் அசையாமல். வடகிழக்கில் புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்கள். அவற்றில் வடக்கே இருப்பதன் பக்கத்திலிருந்துதான் அன்றைய எரிமீன்கள் எல்லாம் கிளம்புவதுபோலத் தெரியும். உண்மையில் அவை இணையான பாதைகளில் வருகின்றன. மழையில் ஓடும் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்தால் துளிகளெல்லாம் கண்ணாடிக்கு எதிரே ஒரே புள்ளியிலிருந்து விரிந்து வருவதுபோல இருக்குமே, அதே தோற்றம்.

முதல் பெரிய எரிமீன் பதினொன்றே முக்கால் வாக்கில். வடக்கிலிருந்து தெற்கு நோக்கி, திருவாதிரைக்கு மேலாக, அவசரம் இல்லாமல் போனது. அவசரம் இல்லாமல் என்றால் நொடிக்கு 35 கிலோமீட்டர். ஆகஸ்டில் வரும் பெர்சியஸ் பொழிவின் துகள்கள் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சட்டென்று கீறிவிட்டு மறையும். மிதுனப் பொழிவு நின்று பார்க்க விடுகிறது. பக்கத்திலிருப்பவரைத் தட்டி "அதோ" என்று சொல்ல நேரம் இருக்கிறது. நண்பர் "அடேயப்பா" என்றார். மகள் நோட்டில் ஒரு கோடு போட்டாள். அவள் வைத்திருந்த டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டியிருந்தது. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும், வெள்ளை வெளிச்சம் ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிடும் என்று எங்கோ படித்திருக்கிறாள். எங்கள் செல்போன்களையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது. "எரிமீன்னா வால்மீனோட தூசின்னு பாடத்துல இருக்கு. இதுக்கு வால்மீன் எது?" சரியான இடத்தில் கை வைத்தாள். பெரும்பாலான பொழிவுகளுக்குத் தாய் ஒரு வால்மீன். சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகி, கூடவே தூசையும் கக்கிவிட்டுப் போகும். அந்தத் தூசுத் தடத்துக்குள் பூமி ஆண்டுக்கொரு முறை நுழைகிறது. மிதுனப் பொழிவை 1860களிலிருந்தே கவனித்துவந்தவர்களுக்கு அதன் தாய் எது என்று நூறு ஆண்டுக்கு மேல் தெரியாமலே இருந்தது. 1983இல் ஐராஸ் என்ற அகச்சிவப்புச் செயற்கைக்கோளின் படங்களில் ஒரு பொருள் அகப்பட்டது. அதன் பாதை இந்தத் துகள்களின் பாதையோடு அச்சாகப் பொருந்துவதை ஃபிரெட் விப்பிள் சுட்டிக்காட்டினார். அப்போது அதில் வாலும் தென்படவில்லை, பனிப்புகையும் தென்படவில்லை. ஐந்தாறு கிலோமீட்டர் குறுக்களவுள்ள பாறை. ஃபேத்தான் என்று பெயர் வைத்தார்கள். சூரியனின் தேரை ஓட்டத் தெரியாமல் ஓட்டி எரிந்துபோன கிரேக்கக் கதைப் பையன். ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் சூரியனைச் சுற்றுகிறது. புதனைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில் போய் 700 டிகிரிக்கு மேல் காய்ந்து திரும்புகிறது. ஒரு பாறை இவ்வளவு தூசை எப்படி உதிர்த்தது என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. பாடப் புத்தகத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.

பன்னிரண்டரை மணிக்கும் ஒன்றரைக்கும் இடையே மேகம் அதிகம் தொந்தரவு செய்யவில்லை. மகளின் நோட்டில் கோடுகள் நாற்பதைத் தாண்டின. மணிக்கு 120, 150 என்று செய்திகளில் வரும் எண்ணிக்கை, மாசுமருவற்ற வானத்தில் அந்தப் புள்ளி நேர் உச்சியில் இருந்தால் கிடைக்கக்கூடியது; நடைமுறையில் அதில் பாதி வந்தாலே பெரிய விஷயம். சில நிமிடங்களுக்கு ஒன்றும் வராது. பிறகு ஒரே மூச்சில் மூன்று. பெரும்பாலும் வெள்ளை, சில மஞ்சள், ஒன்றே ஒன்று பச்சை கலந்தது. மணல் அளவுத் துகள்கள்தான். காற்றில் மோதி, எதிரே உள்ள காற்றை நசுக்கிச் சூடேற்றி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கி ஐம்பது, அறுபதுக்குள் தீர்ந்துபோகின்றன. தரைக்கு ஒன்றும் வருவதில்லை.

"நாட்றம்பள்ளியில் விழுந்ததே?" என்றார் நண்பர்.

இந்தப் பகுதியில் எரிமீனைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். வாணியம்பாடியைத் தாண்டி நாட்றம்பள்ளிப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் 2016 பிப்ரவரி 6 பகலில் ஏதோ வெடித்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார், வேறு சிலருக்குக் காயம், கட்டடங்களின் கண்ணாடிகள் நொறுங்கின. தரையில் ஒரு குழி, அதில் ஒரு கருங்கல். மறுநாள் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் அறிக்கை விண்கல் விழுந்ததால் இறப்பு என்று சொல்லி, குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் நாட்றம்பள்ளியை எழுதின. விண்கல்லால் இறந்த முதல் மனிதர் என்ற தலைப்பு யாருக்குத்தான் கசக்கும்? காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் ஆட்களை அனுப்பியது. அந்த நாட்களில் எரிமீன் பொழிவு எதுவும் இல்லை என்றது. படங்களைப் பார்த்த நாசா ஆட்கள் இது தரையிலேயே நடந்த வெடிப்புபோல இருக்கிறது என்றார்கள்.

எனக்கு நாசா சொன்னதுதான் சரியென்று படுகிறது. கையளவு விண்கல் தரைக்கு வரும்போது எரிந்துகொண்டு வராது. பதினைந்து, இருபது கிலோமீட்டர் உயரத்திலேயே அதன் வேகம் காற்றில் கரைந்துவிடும், ஒளி அணைந்துவிடும், பிறகு எந்தக் கல்லையும்போலத் தன் எடைக்கு விழும். ஓட்டைப் பிளக்கும், மண்டையையும் உடைக்கும். ஆனால் வெடிக்காது, சுற்றியுள்ள ஜன்னல்களை நொறுக்காது. அப்படி நொறுக்குகிற அளவுக்குப் பெரியது வந்திருந்தால் பட்டப்பகலில் ஆம்பூர் முதல் ஜோலார்பேட்டைவரை ஊரே பார்த்திருக்கும். விண்கல்லால் இறந்த மனிதருக்குச் சான்று கிடைத்தது வேறிடத்தில். 1888 ஆகஸ்ட் 22 அன்று இன்றைய ஈராக்கின் சுலைமானியா பக்கம் ஒருவர் இறந்ததாக ஒட்டோமான் அரசின் ஆவணங்களில் இருந்ததை 2020இல் வெளியிட்டார்கள். நாட்றம்பள்ளி விஷயத்தில் எனக்கு உறுத்துவது வேறு. வெடித்தது எது என்ற கேள்வி வானத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டது. இறந்தவர் ஒரு தொழிலாளி. ஆகாயத்தின் மேல் பழி போனால் தரையில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பழி போடுவது புதிதும் அல்ல. புறநானூற்றின் 229ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது, தமிழில் எரிமீனைப் பற்றி நமக்குள்ள பழைய பதிவுகளில் முக்கியமானது. பங்குனி மாதத்து நள்ளிரவில், இன்னின்ன விண்மீன் இன்னின்ன இடத்தில் நிற்கையில், ஒரு மீன் வானத்திலிருந்து விழுந்ததைப் பார்க்கிறார். அரசனுக்கு ஆகாது என்று நடுங்குகிறார். ஏழாம் நாள் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபோகிறான். நிமித்தத்தை நம்பியவர்தான், ஆனால் எப்போது, எந்தத் திசையில், எந்த விண்மீன்களுக்கு நடுவே என்று குறித்து வைத்த ஒழுங்கு இன்றைய பார்வையாளரிடமும் எதிர்பார்க்கப்படுவது. நாட்றம்பள்ளியில் அந்த ஒழுங்கு கொஞ்சம் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பெரியம்மா ஒருமுறை மறுபடி வெளியே வந்தபோது ஒன்று நீளமாக விழுந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக் களத்தோரத்துப் பலா மரத்தைப் பார்த்தார். எரிநட்சத்திரத்தைக் கண்டால் பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மறதி வரும் என்றார். "அப்போ நாங்க இன்னிக்கு நாற்பது தடவை மறக்கணும், ஆயா" என்றாள் மகள். கிழவி சிரித்துவிட்டு, களத்து மூலையில் நெருப்பு மூட்டிக்கொள்ளச் சொன்னார். குளிர் அப்படி. மகள் மறுத்துவிட்டாள், நெருப்பு வெளிச்சமும் வெளிச்சம்தானே.

மூன்று மணிக்குப் பிறகு மேற்குப் பக்கம் மேகம் திரண்டு வந்தது. அதன் அடிவயிறு கீழிருந்து வந்த வெளிச்சத்தில் அழுக்கு மஞ்சளாகத் தெரிந்தது. மேகம் உள்ள இரவில்தான் ஊர் வெளிச்சத்தின் கணக்கு சரியாகப் புரிகிறது. தரையிலிருந்து மேலே போனது எவ்வளவு என்று அது எழுதிக் காட்டிவிடும். அது யாருக்கும் பயன்படாத வெளிச்சம். சாலையில் நடப்பவருக்கும் அல்ல, காவலாளிக்கும் அல்ல. மின்கட்டணம் மட்டும் உண்டு.

இதற்கு மருந்து இருக்கிறது, விலையும் அதிகமில்லை. லடாக்கில் ஹான்லே வானாய்வகத்தைச் சுற்றி 2022இல் இருள்வானக் காப்பகம் அறிவித்தார்கள். அந்த வானாய்வகத்தை நடத்துவதும் காவலூரை நடத்தும் அதே நிறுவனம்தான். ஹான்லே கிராமத்தார் ஜன்னலுக்குத் திரை போடுகிறார்கள், விளக்கின் முகத்தைத் தரைக்குத் திருப்பியிருக்கிறார்கள், வருகிற பயணிகளுக்கு வானம் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். ஜவ்வாது மலை ஹான்லே ஆகாது. கீழே லட்சக்கணக்கான மக்கள், அவர்களுக்கு விளக்கு வேண்டும். ஆனால் விளக்குக்குத் தொப்பி போடலாம். வெண்ணீல எல்.இ.டிக்குப் பதில் மஞ்சள் சாயலுள்ளதைப் போடலாம். ஷிப்டு முடிந்த பிறகு சுற்றுச்சுவர் விளக்கைப் பாதியாகக் குறைக்கலாம். திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகமும் ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர் உள்ளாட்சிகளும் கம்பெனி முதலாளிகளும் ஒரு நாள் காவலூருக்கு வந்து அந்த மலை வளைவில் நின்று பார்த்தால் போதும், மற்றதை விளக்க வேண்டியிருக்காது. பாலாற்றுக்கு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. இதற்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

போக விரும்புகிறவர்களுக்கு: 2026 நல்ல ஆண்டு. அமாவாசை டிசம்பர் 9ஆம் தேதியோடு போய்விடுகிறது. 13, 14 இரண்டு இரவுகளிலும் பிறை இரவு பதினொன்றுக்குள் மறைந்துவிடும். அதற்குப் பிறகு விடியும்வரை வானம் உங்களுக்கு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூர். வெளிச்சத்திலேயே மலையேறிவிடுங்கள். தங்கும் இடத்தை முன்கூட்டிப் பேசிவையுங்கள், காட்டுக்குள் போகாதீர்கள், வானாய்வக வாசலில் ஹெட்லைட் போட்டு நிற்காதீர்கள். பாய், தடித்த போர்வை, குல்லா, டார்ச்சுக்குச் சிவப்புத் தாள். பையில் ஒரு குடையும் இருக்கட்டும், கார்த்திகை மாதம்.